ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்கள் வருவது நின்று பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன.

எனக்குத் தையல் கடை. பக்கத்தில் கண்ணாடிக் கடை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவரைத் தாண்டி எட்டு வருடமாக எண்கள் வந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் மேசையருகே நின்று யாரோ கொண்டுவந்த சட்டத்தை அளந்து "நானூத்தி பன்னண்டு" என்பார். எழுதுமேசையில் இருக்கும் அவர் மனைவி "நானூத்தி பன்னண்டு" என்று திருப்பிச் சொல்வாள். அவர் "இருநூத்தி அறுவது" என்பார், அவளும் "இருநூத்தி அறுவது" என்பாள். என் மெஷினே அந்தத் தாளத்துக்குப் பழகிப் போயிருந்தது. ஒருமுறை ஒரு மனிதருக்கு இடுப்பளவு நானூற்றுப் பன்னிரண்டு என்று நானே எழுதி வைத்துவிட்டேன். அவர் கொஞ்சம் பருமன்தான், அதற்காக அவ்வளவு இல்லை.

எங்களுக்குள் இரத்த உறவு எதுவும் கிடையாது. அவர் என்னை அக்கா என்பார். அதனால் அவளுக்கு நான் அண்ணி, அவர்கள் மகளுக்கு அத்தை. மூன்று முறையையும் உண்டாக்கியது அந்தச் சுவர்தான்.

நானும் அளவெடுத்துப் பிழைப்பவள்தான். ஆனால் துணி இளகின மனசு உள்ளது. இடுப்பு பிடித்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொடுக்கும், தொளதொளத்தால் மடித்து அடித்துவிடலாம். கண்ணாடியிடம் அந்தப் பேச்சே எடுபடாது. அதனால் அந்தக் கடையில் ஒரு விதி உண்டு. அவர் அளவைச் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும், வாய் சொல்லும்போதே கை எழுத வேண்டும். வாய் முந்தி, கை பிந்திவிட்டால் அந்த அளவு செல்லாது. முதலிலிருந்து அளக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் தனக்குச் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான் என்பாள். மற்றதெல்லாம் அவளாகக் கற்றுக்கொண்டது.

எழுதுவதும் அவளாகக் கற்றுக்கொண்டதுதான். மூன்று வருடத்துக்கு முன் மகள் அவளுக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தாள். பெயர் ‘கண்ணாடிக் கடையிலிருந்து’. கடைக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதுவாள். நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்து, முகம் தெரியும் உயரம் மட்டும் போதும், வயிறு தெரிகிற பாகத்தை வெட்டி எடுத்துவிடுங்கள் என்ற மனிதர். ஜன்னலே இல்லாத அறைக்கு ஜன்னல் அளவில் கண்ணாடி கேட்ட பெண். பந்தடித்து உடைத்த பிள்ளைகளே ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, ஊர்வலம் மாதிரி சட்டத்தைத் தூக்கி வந்த கதை.

என்னையும் எழுதினாள். ‘பக்கத்துக் கடை அண்ணியின் வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். இருந்தும் பேச்சு நிற்காது.’ இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மகள் ஓடிவந்து, "அத்தை, உங்களைப் பத்தி இன்னும் எழுதச் சொல்லி எழுபது பேர் கேட்டிருக்காங்க" என்றாள். எழுபது பேர் கேட்கும்போது நான் என்ன, மனசாட்சி இல்லாதவளா? மன்னித்துவிட்டேன். எனக்கு இலக்கியமெல்லாம் தெரியாது. தையல் வெளியே தெரியாமல் தைத்த துணி எது என்று தெரியும். அவள் எழுத்து அந்த ரகம்.

ஆரம்பத்தில் சாயங்காலம் கடையை அடைத்த பிறகு ஒரு மணி நேரம் எழுதுவாள், அவ்வளவுதான். எழுதுவதால் ஒன்றும் கெடவில்லை. எழுதிய பிறகு வருவதுதான் கெடுத்தது. யார் படித்தார்கள், என்ன சொன்னார்கள், நேற்று சொன்னவர் இன்று ஏன் சொல்லவில்லை என்று பார்க்கப் பார்க்க, போன் அவள் இடது கையில் ஒட்டிக்கொண்டது. உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கும். தேநீர் ஆறி ஏடு படியும். நாங்கள் ‘வாலு’ என்று கூப்பிடும் அவள் மகள், பதினாலு வயதுக்காரி, அந்தப் போனுக்குத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டாள். "அம்மாகிட்ட இப்பப் பேச முடியாது அத்தை. மடியில தம்பி இருக்கான்" என்பாள். நாங்கள் எல்லாரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், தலையை நிமிர்த்தாமல்.

மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, தெருக்கோடியிலுள்ள குழந்தைகள் காப்பகத்து வேலை வந்தது. ஆறு ஜன்னல், ஆறும் ஒரே அளவு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடம் என்பதால் சூட்டில் இறுக்கிய கண்ணாடி. அது உடைந்தாலும் கத்தி மாதிரி சிதறாது, கற்கண்டு மாதிரி உதிரும். ஆனால் அளவு சொல்லித் தொழிற்சாலையில் இறுக்கி வந்த பிறகு அதை வெட்ட முடியாது. ஓரத்தில் ஒரு கீறல் போட்டாலும் முழுதும் பொலபொலவென்று கொட்டிவிடும்.

அளவு எழுத நோட்டோடு அவளும் கூடப் போயிருந்தாள். அவர் ஏணியில் நின்று உள்ளளவு சொன்னார். கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலம் அது. பிறகு சட்டத்தின் வெளியளவு சொன்னார். அவள் இரண்டையும் சத்தமாக, சரியாகத் திருப்பிச் சொன்னாள். ஆனால் கை எழுதவில்லை. கை போனில் இருந்தது. ஒரு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் ஒரு வாசகர், ‘என் கட்டிலிலிருந்து ஜன்னல் மட்டும்தான் தெரிகிறது, ஜன்னல்களைப் பற்றி எழுதுங்களேன்’ என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நோட்டைத் திறந்தபோது காதில் மிச்சமிருந்தது கடைசியாகக் கேட்ட எண். அதைக் கண்ணாடி அளவுக்கான முதல் கட்டத்தில் எழுதினாள், மற்றதை இரண்டாவதில்.

அவள் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு நோயாளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் கண்ணாடிக்கு அதெல்லாம் தெரியாது.

கண்ணாடிகள் வந்து இறங்கிய அன்று காலையில் பழைய ஜன்னல்களைக் கழற்றியாகிவிட்டது. முதல் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. முப்பத்தாறு மில்லிமீட்டர் அதிகம். என் இரண்டு விரல் அகலம். நோட்டை வாங்கிப் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார். மதியமே மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைப் பின்னறைக்கு மாற்றிவிட்டு, ஆறு ஓட்டைகளிலும் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஆணியடித்தார். காற்றில் அது படபடவென்று அடிக்கும் சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. மறுபடி ஆர்டர் கொடுத்து, எட்டாம் நாள் சரியான கண்ணாடி வந்து மாட்டி முடித்தார். தப்பாக வந்த ஆறும் கடையின் பின்சுவரில் வரிசையாகச் சாய்ந்து நின்றன, அவள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

தப்பான கண்ணாடி வந்து இறங்கிய நான்காம் நாள் பொத்தான் வாங்கும் சாக்கில் வந்து, என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"திட்டியிருந்தாப் பரவாயில்ல அண்ணி. போனைத் தூக்கித் தெருவுல போடுன்னு கத்தியிருந்தா, நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது முடிச்சிருப்பேன்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"சாப்பாடு நல்லாயிருக்குங்கறாரு. குடை எடுத்துக்கோங்கறாரு. அளவு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. நான் நோட்டைத் திறந்து வச்சிட்டுப் பேனாவோட உட்கார்ந்திருக்கேன். அவரு அளந்து, தன் கையிலேயே மார்க்கரால எழுதிக்கறாரு. முழங்கை வரைக்கும் நம்பரு. குளிச்சாலும் போக மாட்டேங்குது. அந்தக் கையோடதான் என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிடறாரு."

"வெளி வேலைக்கு?"

"தனியாத்தான் போறாரு. டேப்போட அந்த முனையைப் பிடிக்க ஆள் வேணாமா? சுவத்துல செல்லோடேப் போட்டு ஒட்டிட்டு அளக்கறாராம்."

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்தேன். எனக்கு அப்படி எடுத்து வைக்கத் தோன்றுவதே அபூர்வம்.

"பிளாக்?"

"அன்னைக்கே எழுதறத நிறுத்திட்டேன். வாலுவுக்குப் பரீட்சை முடியட்டும், மொத்தத்தையும் அழிக்கச் சொல்லப் போறேன்."

"அழிச்சா அளவு சொல்லிடுவாரா?"

அவள் என் பொத்தான் டப்பாவுக்குள் விரலை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு வேற எதுவும் வேண்டாம் அண்ணி. அவரு என்னைப் பார்த்து ஒரே ஒரு நம்பர் சொல்லட்டும். அது போதும்" என்றாள். பொத்தான் வாங்காமலே போய்விட்டாள்.

அடுத்த நாட்களில் அவள் சமைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, அடிப்பிடிக்காமல் சமைத்தாள். வாலு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் கடையில் நுழைந்து பையைப் போட்டாள். "அத்தை, எங்க வீட்டு நிலைமை மோசம். காலையில முட்டை, மதியம் முட்டை, சாயங்காலம் சூப்பு. அம்மா எழுதாம இருந்தா ரொம்பச் சமைக்கறாங்க. யாரும் பேசறதில்ல, மென்னுக்கிட்டே இருக்கோம். பேசாம தம்பியையே வச்சுக்கலாம் போலிருக்கு."

ஒன்பதாம் நாள் கண்ணாடிக்காரர் ஏணியிலிருந்து சறுக்கினார். செல்லோடேப் விட்டுப் போய், டேப் சுருட்டிக்கொண்டு முகத்துக்கு வந்திருக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு, கால்சட்டை கிழிசல். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் முகத்தை அன்று நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

பன்னிரண்டாம் நாள் மதியம் மழை விட்டிருந்தது. அவள் வாலுவோடு கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். கண்ணாடிக்காரர் அந்தக் கிழிந்த கால்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் ஒட்டுப் போட்டுக் குடுங்க."

"வச்சிட்டுப் போங்க."

போகவில்லை. ஈரச் செருப்பால் தரையில் தேய்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார்.

"அக்கா, இவ ஏன் எழுதறத நிறுத்திட்டா?"

எனக்குச் சுரீரென்றது. "என்னைக் கேக்கறீங்களா? வீட்டுல இருக்கறவளை விட்டுட்டு?"

"பன்னெண்டு நாளாச்சு. தினம் மதியம் வண்டியில உட்கார்ந்து பார்க்கறேன். ஒண்ணும் காணோம்."

"நீங்க படிப்பீங்களா?"

"மூணு வருஷமாப் படிக்கறேன். அவளுக்குத் தெரியாது." போனைக் காட்டினார். திரையை விரல் முட்டியால் தள்ளிக்கொண்டிருந்தார். "விரலால தள்ளினா நகர மாட்டேங்குதுக்கா. தோல் காய்ச்சிப் போச்சு. பாருங்க, தொட்டாத் தொட்ட மாதிரியே அதுக்குத் தெரியல."

அவர் விரல் நுனிகளை அன்றுதான் நன்றாகப் பார்த்தேன். பதினாறு வருடமாகக் கண்ணாடி ஓரம் தேய்த்துத் தேய்த்து, ரேகையே இல்லாமல் மழமழவென்று இருந்தன.

"அவ மேல கோவம் இல்லையா?" என்று கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

"இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனா அளவு சொல்லாததுக்குக் காரணம் கோவம் இல்லக்கா, பயம். நான் சொல்லி, மறுபடி தப்பாப் போச்சுன்னா, அவ முகத்தை எங்க கொண்டு போய் வச்சுக்குவா? அதான் என் கையில எழுதிக்கிட்டேன். தப்பு வந்தா எனக்கே வரட்டும்னு." போனை மறுபடி என் பக்கம் நீட்டினார். "அதுக்காக எழுதறத நிறுத்துவான்னு நான் நினைக்கவே இல்ல. இந்தா பாருங்க, அந்தப் படுக்கையில இருக்கற மனுசன் மூணு தடவை கேட்டிருக்காரு, உடம்புக்கு ஒண்ணும் இல்லையேன்னு. பதில் போடணும். எனக்குத் தட்ட வரல. நீங்க தட்டிக் குடுங்க."

நான் போனை வாங்கிக்கொண்டேன். அவர் முக்காலியில் உட்காரவில்லை. ஜன்னலை அளக்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"வணக்கம் ஐயா."

தட்டினேன்.

"திருப்பிச் சொல்லுங்க அக்கா."

"என்னது?"

"சொன்னதைத் திருப்பிச் சொன்னாத்தான் எனக்கு அடுத்தது வரும்."

விதியே என்று, "வணக்கம் ஐயா" என்றேன். அப்படியே ஒவ்வொரு வரியாகச் சொன்னார், நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டினேன். முடித்ததும் மொத்தத்தையும் ஒருதரம் படிக்கச் சொன்னார். படித்தேன்:

‘வணக்கம் ஐயா. நான் கண்ணாடிக்காரன். அவங்க நல்லா இருக்காங்க. ஒரு அளவு தப்பாப் போச்சு, அந்த வருத்தத்துல எழுதல. அதுல பாதித் தப்பு என்னுது. நோட்டைப் பார்த்துட்டு ஆர்டர் குடுத்திருக்கணும். பதினாறு வருஷமா ஜன்னல் மாட்டறேன். மாட்டி முடிச்சதும் ஏணியைத் தூக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். அது வழியா யாரு என்ன பார்க்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. மூணு வருஷமா இவங்க எழுதறதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் நான் என்ன வேலை செய்யறேன்னு எனக்கே தெரிஞ்சுது. அதுக்கு நான் இவங்களுக்கு நன்றி சொன்னதில்ல. நீங்க எல்லாரும் சொல்றீங்க, அதைப் படிக்கறப்ப எனக்கும் சேர்த்துச் சொல்ற மாதிரி இருக்கும். அவங்க எழுதுவாங்க. கொஞ்சம் பொறுங்க.’

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு."

"அப்ப ஏத்திடுங்க."

கால்சட்டையைக் கொடுக்க மறந்து பாதி வழி போனவர், திரும்பி வந்து அதை மேசை மேல் வைத்து, "முழங்கால்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் எதையும் அவளிடம் சொல்லவில்லை. நாலு குண்டூசியை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். அப்படி நான் வாயை அடக்கிய சரித்திரம் அந்தத் தெருவில் கிடையாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் வந்தாள். போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அழிக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பார்க்கலாம்னு திறந்தேன் அண்ணி. இதை யாரு போட்டது?"

"கீழ பேரு இருக்குமே."

"அவருக்குத் தட்ட வராதே."

"சொல்ல வருது இல்ல? அது போதாதா?"

அவள் என் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தாற்போல வந்தது. புதுச் சட்டைத் துணி, கசங்கிப் போயிற்று.

"மூணு வருஷமாப் படிச்சிருக்காரு அண்ணி. யாரு யாரோ என்ன சொன்னாங்கன்னு நிமிசத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவரை நிமிர்ந்து பார்க்கலையே நான்."

"அவரும் பார்த்துக்கிட்டிருந்தவரு வாயைத் திறக்கலையே. ரெண்டு பேரும் ஜோடிப் பொருத்தம்தான். எழுந்திரு, அது நாளைக்கு டெலிவரி குடுக்க வேண்டிய துணி."

வாசல் வரை போனவள் நின்றாள். "இனிமே நான் எழுதலாமா அண்ணி?"

"என்னைப் பத்தி எழுதறப்ப குண்டூசி நாலுன்னு எழுதாதே. மூணுதான்" என்றேன்.

மறுநாள் காலை நல்ல வெயில். ஈரத் தெருவெல்லாம் ஆவி பறந்துகொண்டிருந்தது. கடை திறந்த கையோடு அவள் வந்து, என் பொத்தான் டப்பாவைத் திறந்து, போனை உள்ளே போட்டு மூடினாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கறேன் அண்ணி. ஏழு மணிக்குத் திரும்பிப் போட்டுடுவேன். நடுவுல வந்து கெஞ்சினாக் குடுக்காதீங்க."

"அழுதா?"

"அழுதாலும்."

"அப்ப எதுல எழுதுவே?"

"அதைத்தான் அவரு காலையிலிருந்து உருட்டிக்கிட்டிருக்காரு. வந்து பாருங்க."

மெஷினை நிறுத்திவிட்டுப் போனேன். தப்பாக வந்த ஆறில் ஒன்று, கம்பளி விரித்த மேசை மேல் மல்லாந்து கிடந்தது. பின்பக்கம் வெள்ளை வண்ணம் அடித்துக் காய்ந்திருந்தது. வாலு அதன் மேல் மார்க்கரால் ஒரு கோணல் முகம் வரைந்து, ஈரத்துணியால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"இதை வெட்ட முடியாதுக்கா. ஒண்ணு உடைக்கணும், இல்ல மாட்டணும். அவ மேசைக்கு மேல மாட்டிடலாம்னு பார்க்கறேன். பகல்ல தோணறதை இதுல எழுதட்டும், சாயங்காலம் பார்த்துப் போன்ல ஏத்திக்கட்டும். இது நிரம்பினா நிறுத்திக்கணும். என்ன, கொஞ்சம் பெரிசுதான்."

"மத்த அஞ்சும்?"

"உங்க வெட்டுமேசை மேல ஒண்ணு போட்டுத் தரேன். துணி வழுக்கிக்கிட்டுப் போகும். காப்பகத்துப் பிள்ளைங்க கிறுக்கறதுக்கு ரெண்டு. மத்ததை யோசிக்கலாம்."

நான் என் கடைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். ஊசியில் நூல் கோத்தேன். டப்பாவுக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது, பொத்தானெல்லாம் கலகலத்தன. நான் திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் டேப் இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணாடியைச் சுற்றி மரச்சட்டம் அடிக்க அளவு வேண்டும். அன்று நோட்டில் தப்பாக ஏறிய அதே எண்தான், அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அளந்தார். கையில் எழுதிக்கொள்வாரோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டேன்.

"ஏம்மா, எழுதிக்கோ" என்றார்.

நாற்காலி இழுபடும் சத்தம். நோட்டுத் தாள் புரளும் சத்தம்.

"ஆயிரத்து நூத்தி எண்பத்தி நாலு."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சொல்லேண்டி, சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஆயிரத்து..." என்று ஆரம்பித்தவளின் குரல் உடைந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. "ஆயிரத்து நூத்தி எண்பத்தி நாலு" என்று முழுசாகச் சொன்னாள்.

"எழுதிட்டியா?"

"சொல்றப்பவே எழுதிட்டேங்க."

"அடுத்தது. தொள்ளாயிரம்."

"தொள்ளாயிரம்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை மிதித்தேன். அது தன் பழைய தாளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.